சூளையில் இருந்தாலும் பெயரைக் கொடுங்கள்: இருளர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத் தோழர்களுக்கு, வணக்கம்.

2011-க்குப் பிறகு தள்ளிக்கொண்டே போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் நடக்கிறது. பிப்ரவரி என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விடும் மாதம். என் கவலையே அதுதான்.

கணக்கெடுப்பாளர் ஊருக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். சூளைக்குப் போனால், “இங்க யாரும் நிரந்தரம் இல்ல சார்” என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டு இடத்திலும் விட்டுப்போன குடும்பம் அரசாங்கக் கணக்கில் இல்லவே இல்லை. அந்த நாட்களில் எங்கே தங்கியிருக்கிறீர்களோ அங்கேயே பெயர் கொடுக்கலாம். அதனால் எந்தச் சூளையில் எத்தனை குடும்பம் என்று ஜனவரியிலேயே எழுதித் தாசில்தாரிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், சாதிச் சான்றிதழ். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்கு நடையாய் நடந்தும் அது கிடைக்காதவர்கள் உங்களில் எத்தனை பேர்! கணக்கெடுப்பில் அதைக் காட்டத் தேவையில்லை. வாயால் சொல்வதுதான் பதிவு. வெறுமனே ‘எஸ்டி’ என்றோ, ஊரார் கூப்பிடும் வேறு பெயரையோ சொல்ல வேண்டாம். பழங்குடிப் பட்டியலில் உள்ளபடி ‘இருளர்’ என்றே சொல்லச் சொல்லுங்கள்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். நூற்றுக்கு ஒருவர்தான். 234 சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு மட்டும் பழங்குடியினருக்கு இருப்பது மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான். ஊராட்சி இடஒதுக்கீடும் அப்படியே. சின்னக் குடியிருப்பில் பத்துக் குடும்பம் விட்டுப்போனாலே, நாளைக்கு ரோடும் வீடும் கேட்கும்போது “உங்க ஊர்ல அவ்வளவு பேர் இல்லையே” என்பார்கள்.

முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள் பெயர் சொல்லப் பயப்படுவார்கள் என்பதும் தெரியும். 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, எழுதிய விவரத்தை முதலாளியோ போலீசோ வாங்கிப் பார்க்க முடியாது. கடன் வழக்கில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. இதை நம் மக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முதலாளி பக்கத்தில் நிற்க, யாரும் பதில் சொல்லும்படி விடாதீர்கள். தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கணக்கெடுப்பாளரை உள்ளே விடுவது சூளைக்காரர் விருப்பம் அல்ல, சட்டப்படி கடமை.

ஒவ்வொரு சூளையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை இப்போதே பொறுப்பாக்குங்கள். கைக்குழந்தையின் பெயரும் ஏறியதா என்று அந்தப் பிள்ளை நின்று பார்க்கட்டும்.

தோழமையுடன்,
உங்கள் பகுதிப் பள்ளி ஆசிரியர் ஒருவர்