மேமியோ இறக்கம்

மாண்டலே,
2019 மார்ச்

அன்பு மகளுக்கு,

மேமியோ மலையிலிருந்து காரைப் பிரேக்கில் இறக்காதே, கியரில் இறக்கு என்று போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழ் எழுத்தைப் பார்த்து எத்தனை மாதமோ, கோயில் ஞாயிறு வகுப்பில் படித்தது கரைந்துபோகாமல் இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம். எங்காவது தட்டினால் வாய்விட்டு வாசி, வந்துவிடும்.

போன மாதம் நீ வந்து வாசலில் காரை நிறுத்தினாயே, அப்போது அம்மா "அடுப்பில் எதையாவது தீய விட்டுட்டேனா" என்று உள்ளே ஓடினாள். தீய்ந்தது அடுப்பில் இல்லை. உன் முன் சக்கரத்தில். நீ தூங்கின பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நகத்தால் கீறினேன், கீறல் விழவில்லை. டிஸ்க்கில் நீலமும் ஊதாவுமாக வளையம் வளையமாக நிறம் ஏறியிருந்தது, ரோட்டுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்குமே, அப்படி. தீபாவளிக்கு நானே போட்ட பேடு. போடும்போது 11 மில்லிமீட்டர். அன்று அளந்தால் 4 கூட முழுசாக இல்லை. நீ எழுவதற்குள் புதுசு போட்டுவிட்டேன். சொல்லவில்லை, சொன்னால் காசு கொடுக்க வருவாய். பழையதைப் பேப்பரில் சுற்றிப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன், உனக்குக் காட்ட.

கியர் நெம்புகோலை, தானே கியர் மாற்றுகிற டியிலிருந்து, நாம் மாற்றுகிற எம் பக்கம் தள்ளி மலை இறங்கு என்று போனில் சொன்னபோது நீ கேட்டாய்: "பேடு மலிவு, கியர்பாக்ஸ்தான் விலை. எதுக்குப்பா கியர்பாக்ஸைத் தேய்க்கணும்?" உங்கள் பள்ளிக்கூடத்து சார் யாரோ சொன்னதாகவும் சொன்னாய். அவர் சொன்னது பாதி சரி. ஊருக்குள்ளே, சமதரையில், சிக்னலுக்குச் சிக்னல் எம்மில் போட்டுக் கியரைக் குறைத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும். பேடு தேய்வதற்கென்றே செய்தது. 26-வது தெருவில் நிற்க வேண்டுமா, பிரேக்கை மிதி, நில். அங்கே கியரை வைத்து நீ மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை.

மலை வேறு கணக்கு. நீ பிள்ளைகளுக்குப் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவள், எனக்குச் சரிபார்த்துச் சொல். பின்ஊல்வின் (எனக்கு அது இன்னும் மேமியோதான்) கிட்டத்தட்ட 3,500 அடி. மாண்டலே 250 அடி. ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள். உன்னோடும் மூட்டை முடிச்சோடும் கார் 1,300 கிலோ. அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வருகிற சூட்டில், 30 டிகிரியில் இருக்கிற தண்ணீர் 43 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். கோயில் அன்னதானத்துக்கு உலை வைக்கிற பெரிய அண்டாவை நினைத்துக்கொள். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யார் வாங்குவது? கால் பிரேக்கிலேயே இருந்தால் அந்த உலை முழுதும் சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத நாலு இரும்பின் தலையில் விழும், அதிலும் பெரும்பங்கு முன்னால் இருக்கிற இரண்டின் தலையில். 42 மைலிலும் சமமாக விழுந்தால்கூடப் பரவாயில்லை. இறக்கமெல்லாம் நடுவில் சில மைலில் குவிந்து கிடக்கிறது.

கியரில் இறங்கினால் அதை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகிற வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டன் காற்றை இழுக்கப் பார்க்கிறது, காற்று வருவதில்லை. உறிஞ்சுகுழலை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பார், கன்னம் உள்ளே போகும். அந்தச் சிரமத்தைச் சக்கரம்தான் தள்ளிச் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் வண்டி அடங்குகிறது. சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே போய்விடும், அதற்கென்று கட்டின வீடு அது. அப்போது பெட்ரோலும் செலவாகாது. வண்டி கியரில் உருளும்போது இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பெட்ரோல் மிச்சம் என்று இறங்குகிறவர்களுக்கு இது தெரியாது. நியூட்ரலில் எஞ்சின் தான் நிற்காமல் இருப்பதற்கே பெட்ரோல் குடிக்கும், வண்டியையும் பிடிக்காது.

கியர்பாக்ஸ் தேயுமா என்று கேட்டாயே. நீ திங்கட்கிழமை காலையில் அதே மலையை அழுத்தி மிதித்து ஏறுகிறாய், அப்போது அந்தப் பெட்டி வாங்குகிற அடியில் பாதிகூட இறங்கும்போது இல்லை. அதைக் கெடுப்பது பழைய ஆயில். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டியில் விட்டால் என்ன ஆகும் என்றால், நீ காலை எடுத்ததும் பெட்டி "சமதரை போல இருக்கு" என்று நினைத்துப் பெரிய கியருக்கு ஏறிவிடும். வண்டி தளர்ந்து ஓடும், நீ பிரேக்கை மிதிப்பாய். சில புது வண்டிகள் இறக்கத்தைத் தானே புரிந்துகொண்டு கியரைக் குறைக்கும். ஜப்பானில் பத்து வருஷம் ஓடிவிட்டு இங்கே வந்த உன் வண்டி அந்த அளவுக்குக் கெட்டிக்காரி இல்லை. எம் என்றால் "நான் சொல்கிற கியரில் இரு" என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நான் ஹினோ லாரி ஓட்டின காலத்துக் கதை ஒன்று உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அம்மாவுக்காக மறைத்தது. லாஷியோவிலிருந்து தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு கொக்டெய்க் பள்ளத்தில் இறங்குகிறேன். அப்போதெல்லாம் தலைக்கு மேலே ஒரு தண்ணீர் டிரம் இருக்கும், அதிலிருந்து ரப்பர் குழாய் நாலு சக்கரத்துக்கும் போய் பிரேக் டிரம்மில் சொட்டி அதன் சூட்டை ஆற்றும். பாதியில் தண்ணீர் தீர்ந்தது எனக்குத் தெரியவில்லை. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் கேட்கவில்லை. மிதிக்க மிதிக்க ஓடுகிறது. கியரைக் குறைக்கலாம் என்று பார்த்தால் வேகம் ஏறிவிட்டது, கியர் உள்ளே விழமாட்டேன் என்று அரைக்கிறது. அந்த அரைச்சல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் மலைச்சுவரில் உரசி உரசி நிறுத்தினேன். ஒரு பக்கக் கதவும் கண்ணாடியும் போயின. இரண்டு மூட்டை கிழிந்து ரோடெல்லாம் தேயிலை. கிளீனர் பையன் இறங்கி, ஒன்றும் பேசாமல், தேயிலையைக் கையால் கூட்டி அள்ள ஆரம்பித்தான்.

தப்பு அந்த இடத்தில் நடந்தது இல்லை, மேலே நடந்தது. இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே இரண்டாவது கியரைப் போட்டிருக்க வேண்டும். உன் காரிலும் அதேதான். வேகம் ஏறின பிறகு குறைக்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாமல் கீச் கீச் என்று கத்தும், எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. ஆகவே மேட்டின் விளிம்பு வருமுன் எம்முக்குத் தள்ளி மூன்றில் வை. அப்படியும் ஓடினால் இரண்டு. எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி 3,500-ல் நின்று எஞ்சின் முனகும், பயப்படாதே. சிவப்புக் கோடு 6,000-க்கு மேலே அல்லவா இருக்கிறது. வளைவு வருகிறதா, ஒரே மிதியாக நன்றாக மிதித்து வேகத்தைக் குறை, காலை முழுசாக எடு. காலை லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் பேடைத் தின்கிறது. அன்றைக்கு நீ சரக்கு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாய் என்று சொன்னாய். உன் வண்டியில் ஸ்டியரிங் வலது, பர்மாவில் ரோட்டில் ஓடுவதும் 1970-லிருந்து வலது பக்கம், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற உனக்கு லாரியைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவனை ஒட்டிப் போனால் அவன் மிதிக்கிறபோதெல்லாம் நீயும் மிதிக்கத்தான் வேண்டும். விட்டு வா. 21 மைல் என்கிற இடத்தில் நிறுத்தி ஒரு லபெயெ (டீ) குடி, அவன் போகட்டும்.

இன்னொன்று. எஞ்சின் பிடித்து வண்டி அடங்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் மோட்டார் சைக்கிள் பசங்கள் இருந்தால் பெடலைச் சும்மா தொட்டு விளக்கைக் காட்டு. மழைக்காலத்தில் வழுக்குகிற வளைவுக்கு நடுவே கியரைக் குறைக்காதே, இழுக்கிற சக்கரம் சறுக்கிவிடும்.

பிரேக் ஆயிலும் மாற்றிவிட்டேன், பழையது டீ நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும் சாமான், நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். டாட் 3 புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறின பிறகு 140 தாங்கினால் போதும் என்றுதான் கணக்கே. கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியை மிதித்தால் அமுங்கும், பெடல் தரை வரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், அடுத்த தடவை நீ எனக்கு ஞாபகப்படுத்து.

சித்திரைப் பிறப்புக்கு வருவாய் அல்லவா, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞானும் அதே நாள்களில்தான். அரண்மனை அகழியோரம் கூட்டம் பைப்பை வைத்துக்கொண்டு வருகிற வண்டி மேலெல்லாம் அடிக்கும். லாரிக்குத் தண்ணீர் சொட்டினதைச் சொன்னேன் என்று நினைத்து, நல்லதுதானே என்று மலையிலிருந்து நேரே அந்தக் கூட்டத்துக்குள் ஓட்டிவிடாதே. அது மேலேயிருந்தே விடாமல் சொட்டுகிற தண்ணீர். சூடு ஏறின டிஸ்க்கில் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் வளையலாம், விரிசலும் விழலாம். மலை முடிந்த பிறகு சமதரையில் அதிகம் மிதிக்காமல் சில மைல் ஓட்டு, காற்றே ஆற்றிவிடும். அப்புறம் அகழியைச் சுற்றாமல் பின்தெரு வழியாக வீட்டுக்கு வா.

வந்ததும் முதலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்ப்பேன். அப்புறம்தான் உன்னை வா என்று சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பா