புளி வண்டி

தருமபுரி,
ஞாயிறு மதியம்

மாப்ளே,

உங்கப்பா காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன் எட்டு மாதமாக ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பத்தாவது. குண்டன் மறுபடியும் கட்சி மாறிவிட்டான். ஊர் சேதி அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வேன் வாங்கிவிட்டேன். சிரிக்காதே. மாருதி ஆம்னி, 2009 மாடல். 15 வருடம் முடிந்து ஆர்சியைப் புதுப்பித்திருந்தார்கள், 2029 வரை கவலையில்லை. ஹாஸ்டல் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு ரூட் போட்டோமே, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் என்று, அதற்குத்தான்.

விற்றவர் புளி வியாபாரி. பெயின்ட் பளபளவென்று இருந்தது, நான் விழுந்துவிட்டேன். நீ கூட இருந்திருந்தால் முதல் வேலையாக ரப்பர் மேட்டைத் தூக்கியிருப்பாய். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் கழித்துத் தூக்கினேன். ஸ்குரூடிரைவரால் சும்மா தட்டினேன், அப்பளம் மாதிரி உள்ளே போனது. ஓட்டை வழியாகப் பார்த்தால் எங்கள் வாசலில் கோழி போகிறது! உப்புப் போட்டு மிதித்த புளி மூட்டையிலிருந்து வருடக்கணக்காகக் கசிந்தது தகரத்தைத் தின்றிருக்கிறது. "பட்டி வெச்சு மூடிடலாமா சார்?" என்றார் டிங்கரிங்காரர். வேண்டாம் என்று துருப்பிடித்ததை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து வெல்டிங் பண்ணியாயிற்று. வாசனைதான் போகமாட்டேன் என்கிறது. வெயிலில் நின்றால் வண்டி முழுக்க ரசம். "மிளகு சீரகம் மட்டும் தட்டிப் போடுங்க" என்கிறாள் உன் தங்கச்சி.

படுக்கைக்காகப் பின்சீட்டைக் கழற்றவில்லை. ஆர்சியில் இருக்கிற சீட்டுக் கணக்கு மாறினால் வம்பு. சீட்டை மடக்கி மேலே பிளைவுட் போட்டால் இரண்டு பேர் படுக்கலாம், நீ குறட்டை விடாமல் இருந்தால்.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. போன மாதம் சேலத்துக்கு மச்சினன் வீட்டுக்குக் கிளம்பினேன், சின்னவனோடு. தொப்பூர் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டேன். ஆமாம், நானேதான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கருகின வாசம். அடுத்த மிதியில் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மாப்ளே, வெண்ணெயில் கால் வைத்த மாதிரி. பின்னால் ஒரு டிரெய்லர் ஹார்ன் அடிக்கிறான். பையன், "என்னப்பா?" என்று கேட்கிறான்.

அப்போது காதில் கேட்டது உங்கப்பா குரல். "ஏறின கியர்லதான்டா எறங்கணும்." அந்த லாரி கேபினில் எத்தனை தடவை கேட்டிருப்போம். மூன்றாவதில் தள்ளி, இன்ஜின் அலற இரண்டாவதுக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். இறங்கி சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தேன். கை நடுங்கியதில் கல் இரண்டு தடவை நழுவியது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்திருக்கிறேன்.

மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார். காபி டிகாஷன். ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். என் வண்டியில் ஊற்றுகிற டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்குவது, ஈரமேறினால் 140-லேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பழைய ஆயிலை முழுக்க வடித்து, பேட், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது போட்டாயிற்று. படுக்கைக்கும் திரைச்சீலைக்கும் வைத்திருந்த பணம் அதிலேயே போய்விட்டது. போகட்டும்.

காரியத்தன்று உன்னிடம் உங்கப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. எல்லோரும் ஏதேதோ பேசினார்கள், நான் பந்தி பரிமாறிக்கொண்டே இருந்துவிட்டேன். அப்புறம் போனை எடுக்கும்போதெல்லாம் அதுவே தடுத்தது.

ஆடிப்பெருக்குக் கூட்டம் முடிந்ததும் போகலாம். லீவு போடு. இன்னொன்று, லாரி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க நாம் இருவரும் அடித்துக்கொள்வோமே, அந்தப் புளியமரக் கட்டை உங்கள் மாட்டுக்கொட்டகையில்தான் கிடந்தது. இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல். விறகாக்கிவிடப் போகிறார்கள்.

உன்,
நெட்டை