பாய்லர் மகளின் செங்கல்

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தீபாவளிக்கு நீ அனுப்பிய மைசூர்பாகு வந்து, தீர்ந்து, அந்த டப்பாவில் இப்போது அப்பளம் இருக்கிறது. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மழைக்குக் கொஞ்சம் அதிகம். பெரியவன் வேலை மாறிப் பெருங்குடிக்குப் போகிறான். உன் சுகர் எப்படி? சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ, ஆனாலும் அந்தக் காலை வடையை விடு.

எழுத உட்கார்ந்த காரணம், நாம் பாய்லர் என்று பட்டப்பெயர் வைத்த நம் நண்பனின் மகள். மூத்தவள். நம் மெஸ் கதையை நம்பாமல் ரெட்டைப் பின்னலோடு உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்டாளே, அவளேதான். எம்.டெக் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தாள், அப்புறம் அதை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். நேற்று ஒரு துணிப்பையோடு ஆபீசுக்கு வந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

தீச்செங்கல். நல்ல கனம். முதுகில் விரல் நுழைகிற அகலத்துக்கு இரண்டு பள்ளக்கோடு, கம்பி படுப்பதற்கு. ஒரு கோட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல். விரலால் தடவினால் தெரியாது, நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. "மாமா, இந்த விரிசலை நிறுத்திட்டேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

விஷயம் உனக்குப் புரியாதது இல்லை. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகளிலும் உச்சி வெயிலில் சோலார் பலகையிலும் மலிவாகக் கிடைக்கிற மின்சாரத்தைக் கம்பி வழியாகச் செங்கல் அடுக்குக்குள் சூடாக இறக்கிவிடுகிறாள். ஆயிரம் டிகிரி வரை. ராத்திரி ஷிஃப்டில் ஊதி மூலம் காற்றை உள்ளே விட்டு, அந்தச் சூட்டை பாய்லருக்குக் கொண்டுபோனால் ஆவி. ஒரு டன் செங்கல்லை 800 டிகிரி ஏற்றி இறக்கினால் 220 யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். சாயப்பட்டறைக்காரன் விறகும் நிலக்கரியும் எரிப்பது குறையும். லித்தியம் வேண்டாம், கோபால்ட் வேண்டாம், செங்கல் போதும். கேட்கக் கேட்க எனக்கே ஷெட்டுக்கு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இன்று காலை போய்ப் பார்த்தும் விட்டேன்.

விரிசலை எப்படி நிறுத்தினாள் என்பதை மட்டும் உனக்கு எழுதமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நாளை திங்கட்கிழமை புரொவிஷனல், அதாவது காப்புரிமைக்கான முதல்கட்ட விண்ணப்பம், தாக்கல் ஆகும்வரை என் வீட்டுச் சுவருக்குக்கூடச் சொல்வதாக இல்லை. ஏன் இந்தப் பயம் என்று கேட்பாய். பாதியை அவளே வெளியில் விட்டுவிட்டாள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டிருக்கிறாள். பக்கத்து ஸ்டால் பையன் ஆசையாக நாலு நிமிட வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டான். செங்கல், பள்ளக்கோடு, அடுக்கிய விதம், எல்லாம் அதில் இருக்கிறது. உலகம் பார்த்ததைப் புதிது என்று எந்தக் காப்புரிமை அலுவலகத்திலும் சொல்ல முடியாது. நம் சட்டத்தில் 31-வது பிரிவு என்று ஒரு சின்னக் குடை உண்டு. மத்திய அரசு அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், இல்லை அறிஞர் சபையில் படித்த கட்டுரையாக இருக்க வேண்டும், அதற்கும் பன்னிரண்டு மாதம்தான். இவளுடையது எதிலும் அடங்கவில்லை. அமெரிக்காவில் ஒரு வருடச் சலுகை உண்டு, அதுவும் கடந்துபோயிற்று. ஐரோப்பாவில் அந்தச் சலுகையும் கிடையாது. இதை நான் சொல்லும்போது அவள் செங்கல்லை மறுபடி பைக்குள் வைக்கப் போனாள். வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பதினோரு தடவை பார்த்தோம். கம்பி செங்கல் அடுக்கிலிருந்து வெளியே வருகிற மூலை இருக்கிறதே, அந்த முனை, அங்கே கேமரா போகவே இல்லை! ஒரே ஒரு தடவை திரும்பப் பார்த்தது, அதற்குள் யாரோ ஒரு பெரியவர் குறுக்கே நின்று ஊதி எவ்வளவு என்று கேட்கிறார். அந்தப் பெரியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். விரிசலுக்கு வைத்தியம் அந்த முனையில்தான் இருக்கிறது. இதற்கு மேல் கேட்காதே.

இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ஏற்கெனவே நொந்துபோயிருந்தாள். ஹாம்பர்கில் 2019-ல் ஆயிரம் டன் எரிமலைக் கல்லில் 130 மெகாவாட்-மணி சேமித்துக் காட்டினார்கள். பின்லாந்தில் மணல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து கிளம்பியவர்கள் செங்கல்லையே மின்சாரம் கடத்தவைத்துக் கம்பியே வேண்டாம் என்கிறார்கள். "எல்லாரும் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க மாமா" என்றாள். நான் 1816-லிருந்து ஆரம்பித்தேன். ராபர்ட் ஸ்டிர்லிங் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சூட்டைச் சேமித்துத் திருப்பித் தருகிற அமைப்புக்கு அந்த வருடமே காப்புரிமை வாங்கிவிட்டார். 1857-ல் கௌப்பர், இரும்பு உலைக்குப் போகிற காற்றைச் செங்கல் அடுக்கில் சூடேற்றுகிற அடுப்புக்கு வாங்கினார். செங்கல்லில் சூடு வைப்பது யாருடைய சொத்தும் இல்லை, பொதுக்கிணறு. இந்தத் துறையில் புதிது என்பது எப்போதும் இடுக்கில்தான் இருக்கும். விரிசல் விடுகிற இடம், கம்பி கருகுகிற இடம், காற்று ஒரு பக்கமாகவே ஓடி மறுபக்கம் சூடு தேங்குகிற இடம். பெரிய கம்பெனிகளும் அந்த இடுக்குகளில்தான் வேலி போடுகின்றன. அந்த வேலியும் நாட்டுக்கு நாடு தனித்தனி. வெளிநாட்டு விண்ணப்பம் 31 மாதத்துக்குள் இந்தியாவுக்குள் நுழையாவிட்டால் இங்கே அது யாரையும் தடுக்காது. இதைக் கேட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

இங்கே நமக்கு வேறொரு முட்டுக்கட்டை உண்டு, நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(f) பிரிவு. தெரிந்த சாதனங்களை மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். செங்கல், கம்பி, ஊதி, பாய்லர் என்று வரிசையாக எழுதினால் கிண்டி காப்புரிமை அலுவலகத்தின் முதல் கடிதத்திலேயே இந்த ஆட்சேபம் வரும். அதனால் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்கிற பகுதியை, முனையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். முனை இல்லாவிட்டால் செங்கல் பிளக்கும், செங்கல் பிளந்தால் காற்று வழி மாறும். ஒன்றையொன்று தாங்குகிறது என்று காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கியதுதான் தூக்கம், நேற்று ராத்திரி முழுக்க அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

எதற்குக் காப்புரிமை, எதற்கு வேண்டாம் என்று கேட்டாள். நான் சொன்னது இதுதான். வாங்கியவன் உடைத்துப் பார்த்தால் தெரிந்துபோகிறதற்குக் காப்புரிமை எடு. உடைத்தாலும் தெரியாததை வாய்க்குள் வை. புது அடுக்கை முதல் தடவை சூடேற்றும்போது மணிக்கு எத்தனை டிகிரி, எந்த டிகிரியில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவள் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. அதைக் காப்புரிமையில் எழுதினால் பதினெட்டு மாதத்தில் ஊருக்கே வெளியாகும். தொழில் இரகசியத்துக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தம் போட்டுத்தான் காக்க வேண்டும். ஷெட்டில் இருக்கிற இரண்டு பையன்களிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னேன், நோட்டுக்கு ஒரு பூட்டும் வாங்கச் சொன்னேன்.

புரொவிஷனலுக்கு அப்புறம் முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கிறது. இவள் அடுக்கு நாளுக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிறது, ஆக 365 தடவை. முனை உண்மையிலேயே தாங்குகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். சட்டமும் செங்கல்லும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. செலவும் பயப்படுகிற அளவு இல்லை, தனிநபர் இணையவழித் தாக்கலுக்கு 1,600 ரூபாய்தான். வெளிநாட்டில் முதலில் போடலாமா என்றாள். இங்கே போட்டு ஆறு வாரம் பொறு, இல்லாவிட்டால் அனுமதி வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

சரக்கின் பெயரையும் பதியச் சொன்னேன். அந்தக் கம்பியைப் பட்டறையில் எல்லோரும் காந்தல் காந்தல் என்கிறார்களே, கருகுவதால் வந்த பெயர் என்று இவளும் நினைத்திருந்தாள். உண்மையில் அது சுவீடன்காரர் கான்ட்ஸோ பெயரில் பாதி, ஹால்ஸ்டாஹம்மார் என்கிற ஊர்ப் பெயரில் பாதி. அந்தக் காலத்துக் காப்புரிமை என்றைக்கோ முடிந்துவிட்டது. பெயர் மட்டும் அம்பத்தூர் வரை வந்து நிற்கிறது.

சரி, இப்போது உன்னிடம் வருகிறேன்.

ஒரு மில்காரர் அவளுக்குப் பணம் தருகிறேன் என்கிறார். ஒப்பந்த நகலை நேற்று கொண்டுவந்தாள். ஒன்பது பக்கம். விண்ணப்பம் அவர்கள் கம்பெனி பெயரில் போக வேண்டுமாம். அதையாவது பேசிச் சமாளிக்கலாம். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. வெப்பச் சேமிப்பில் அவள் இனிமேல் கண்டுபிடிக்கிற எல்லாமும் அவர்களுக்கே. எல்லாமும், முருகேசா. இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் தலைக்குள் இன்னும் வராத யோசனையையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்கள்.

நான் சொன்ன வழி வேறு. விண்ணப்பம் அவள் பெயரில் இருக்கட்டும். மில்காரருக்குச் சாயப்பட்டறை ஆவிக்கு மட்டும் உரிமம், ஐந்து வருடம் வேறு யாருக்கும் தராமல். செராமிக், உணவு, மருந்து, மற்ற எல்லாச் சூடும் அவளிடமே. நீல்சன் கதையையும் சொன்னேன். 1828-ல் சூடான காற்றை இரும்பு உலைக்குள் ஊதலாம் என்று காப்புரிமை வாங்கியவர். ஒரு டன் இரும்புக்கு ஒரு ஷில்லிங் என்று பலருக்கும் உரிமம் கொடுத்தார். அந்தப் பணத்தைக் கொடுக்க மறுத்தவர்களை நீதிமன்றத்தில் ஜெயித்தார். திருப்பூரில் ஒரு மில்லுக்குள் அடைபட வேண்டிய சாமான் இல்லை இது.

தலையாட்டினாள். ஆனால் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று தோன்றுகிறது. ஷெட் வாடகை மூன்று மாதம் பாக்கி. பாய்லர் வீட்டை அடகு வைக்கிறேன் என்கிறான், அவள் அழுகிறாள். புதன்கிழமை முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு வைத்தார்கள், நான் அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்வது அவளுக்கு வக்கீல் பேச்சு.

உன் வால்வைப் பற்றி இருபத்தாறு வருடமாக நாம் பேசவில்லை. அந்தக் காகிதத்தை நீ லாட்ஜ் அறையில் என்னிடம் காட்டியபோது நான் காப்புரிமை ஏஜென்ட் பரீட்சை எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "வேலைக்குச் சேர்கிற எல்லாரும் போடுறதுதானே, போடு" என்று சொன்னவன் நான். நீ ஒருநாளும் அதை எடுத்துச் சொல்லவில்லை. உன் வால்வு வேறு பேரில் ஊரெல்லாம் பம்பில் ஓடுகிறது. அதற்கு முன்னால் நிற்கிறபோதெல்லாம் எனக்கு அந்த லாட்ஜ் அறைதான் ஞாபகம் வருகிறது. இந்தப் பெண்ணுக்கும் அது நடக்கக் கூடாது.

நீ சொன்னால் கேட்பாள். புத்தி சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல், போதும். வியாழக்கிழமை கோவை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறேன், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள். அதற்குள் தாக்கல் ஆகியிருக்கும், முனையை அவளே உனக்குக் காட்டுவாள். செங்கல் கனம், பையை அவளிடமே தூக்கவிடாதே.

உன் மரவால்வு, முதல் மாதிரி, பீரோ மேல்தட்டில் இருக்கும் என்று அண்ணி ஒருமுறை சொன்னார். அதை எடுத்துத் துடைத்து வை.

அன்புடன்,
சிவா