லாரி ஓட்டுநரின் வேலை நேரத்தையும் விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கடலூர் பகுதியில் சரக்கு லாரி விபத்து நேரும்போதெல்லாம், ஓட்டுநரின் கவனக்குறைவு என்பதோடு செய்தியும் விசாரணையும் நின்றுவிடுகின்றன. அவர் எத்தனை மணி நேரமாக வண்டி ஓட்டினார், கடைசியாக எப்போது தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதித்திருந்தது. நீண்ட தூர வழித்தடங்களில் உரிய அனுமதி பெற்றாலும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் உரிமையாளருக்கு இச்சட்டம் பொருந்தியதில்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 91ஆவது பிரிவில், போக்குவரத்து வாகனத்தை இயக்கப் பணியமர்த்தப்படும் எவருக்கும் அதே வேலை நேரத்தைத்தான் விதிக்கிறது.

நடைமுறையோ வேறு. நெய்வேலிக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் வரும் வண்டிகள் பலவற்றில் மாற்று ஓட்டுநர் கிடையாது, கிளீனர்கூட இல்லை. லோடு ஏற்றவும் இறக்கவும் வாசலில் பகலெல்லாம் காத்துக் கிடந்தவர், அந்த நேரம் யார் கணக்கிலும் வராததால், இரவில் உடனே புறப்பட்டாக வேண்டியிருக்கிறது. கண் சொருகும்போது சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, அடியில் தூளி கட்டிப் படுத்துக்கொள்கிறார். பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையாக இருப்பவை ஒரு கருங்கல்லும் ஒடித்து வைத்த வேப்பங்கிளையும்தான். பிறருக்கு ஆபத்தாக வாகனத்தை நிறுத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு சொல்வது சரியே. ஆனால் அவர் வேறு எங்கே நிறுத்துவார்?

அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. அதை நிரூபிக்க எடைமேடைச் சீட்டு இருக்கிறது. தூக்கமின்மைக்குச் சாட்சி இல்லை என்று இனியும் சொல்ல முடியாது. சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவு, சரக்கு அனுப்பும்போது எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில், ஆலை வாசலின் வருகைப் பதிவேடு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அவருக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆகவே, உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு லாரி விபத்திலும் விசாரணை அதிகாரி இந்தப் பதிவுகளைக் கைப்பற்ற வேண்டும். வரம்பு மீறி ஓட்ட வைத்த உரிமையாளர் மீதும் வழக்குப் பதிய வேண்டும். விழுப்புரம் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலை புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து முள்ளோடை தாண்டி மீண்டும் தமிழகத்துக்குள் வருவதால், தமிழகம், புதுச்சேரி ஆகிய இரு பகுதிகளின் காவல்துறையும் இதில் ஒத்துழைக்க வேண்டும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே குளியலறை, விளக்கு வசதியுடன் லாரி நிறுத்துமிடம் ஒன்றை அமைக்க மாவட்ட ஆட்சியர் ஆவன செய்ய வேண்டும் என்றும் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.