சங்கச் செயலாளரின் 2025-ஆம் ஆண்டறிக்கை: பழைய மோரிஸ் மைனர் கார் உட்பட

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, இனிமேல்தான் வரப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் 10 மணிக்கு என்று அறிவித்தோம். கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) சேர 11.20 ஆனது. அதனால் இந்த வருட அறிவிப்பில் 9 மணி என்று போட்டேன். உண்மையில் 10 மணிக்குத்தான் ஆரம்பிக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் வேறு வழி பார்க்க வேண்டும்.

வழக்கமான நிகழ்ச்சிகள்: ஜனவரியில் பொங்கல். பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு ஒரு பஸ். பள்ளி விடுமுறையில் விளையாட்டுப் போட்டி; மழை, பாதியில் நின்றது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கு ஊக்கத்தொகை. தீபாவளிக்கு முதியவர்களுக்கு அரிசி, எண்ணெய். எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் இரண்டு தடவை. செயலவை ஆறு முறை கூடியது. பதினொரு பேர் கொண்ட செயலவையில் அதிகபட்சமாக வந்தவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினார்கள். அதையும் வருகையாகச் சேர்க்கலாமா என்று சட்டவிதியில் தேடிப் பார்த்தேன், இடமில்லை.

இனி கார் விஷயம். இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். கேட்கத்தான் போகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சங்க மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்பது மோரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 948 சிசி எஞ்சின். நம் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஐயா ஓட்டியது. அந்தக் காலத்தில் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் அவரும், தோட்டத்து மருந்தகம் பார்த்த டிரஸ்ஸரும்தான். வலி கண்ட பெண்களை நடுராத்திரியிலும் இதில்தான் கோலகங்சார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார். இங்கே இருப்பவர்களில் இரண்டு பேர் காருக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டியவர்கள். பெயர் சொல்லவில்லை. கிராணி ஐயா காலமான பின் பிள்ளைகள் ஷா ஆலமுக்குக் குடிபோனபோது, 2003-இல், காரைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். ஓட்டி வந்து கொட்டகையில் விட்டதோடு சரி. 22 வருடம் கோழிதான் அதில் குடியிருந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. நான் எதிர்த்தேன். முப்பது வருடம் செம்பனை ஆலையில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான். ஓட்டித் தேய்ந்து போன எஞ்சினை நான் விடுவேன். நிறுத்திவைத்ததால் நின்றுபோன எஞ்சினை விடமாட்டேன். இன்னொன்றும் சொன்னேன். மோரிஸ் மைனர் முதன்முதலில் லண்டன் கார் கண்காட்சிக்கு வந்தது 1948 அக்டோபரில். அதே வருடம் ஜூன் 16-ஆம் தேதிதான் நம் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமாரைச் சுட்டார்கள், அதைத் தொடர்ந்து நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. இந்த ஊர் தாத்தா பாட்டிகளுக்கு முள்வேலியும் ஊரடங்கும் ஞாபகம் இருக்கும் அளவுக்கு இந்தக் காரும் ஞாபகம் இருக்கிறது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பொருளாளர் கேட்டார். சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் தீர்மானம் இரண்டு ஓட்டில் தோற்றது.

காரைச் சரிசெய்ய ஆரம்பித்த முதல் நாளே நம் இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் புது பேட்டரியோடு வந்துவிட்டார். மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு காரணம். ஒன்று, அவர் பேட்டரியின் நெகட்டிவைக் கார் பாடியில் மாட்டப் போனார். இந்தக் காருக்குப் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும். இரண்டாவது பெரிய காரணம். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியாக நம்மூர் ஈரக்காற்று 22 வருடம் உள்ளே போய்வந்திருக்கிறது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக் கிடக்கும். ஸ்டார்ட்டரைக் கொண்டு வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவர் கீறும். அப்புறம் இரும்புக் கடைதான்.

ஸ்பார்க் பிளக் நான்கில் மூன்று சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றன. நாலாவதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது. ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் பாதி, அசிட்டோன் பாதி கலந்து பிளக் துவாரம் வழியாக நாலு சிலிண்டரிலும் ஊற்றினேன். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று அட்டையில் எழுதி வைத்தேன். தினமும் சாயங்காலம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தேன். உதவிக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். அந்த ஒன்பது நாளில் வந்தவர் அந்தத் தம்பி ஒருவர்தான்.

பத்தாம் நாள் காரை நாலாவது கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளி அசைத்தோம். முதல் கியரில் தள்ளினால் சக்கரம் அசையவே அசையாது. பெரிய கியரில்தான் தள்ளுகிறவன் கை எஞ்சின்வரை போகும். முதலில் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு முன்பக்கத் துவாரத்தில், எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடியைச் செருகி மெல்ல மெல்லச் சுற்றினோம். பிளக் துவாரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் போலத் தெறித்தது. என் சட்டையை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம் வேலை வரிசையாக வந்தது. பழைய எஞ்சின் ஆயில் சாம்பல் நிறத்தில் சேறாக இறங்கியது. எஞ்சினுக்கு மேலே வால்வை மூடியிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு திறந்தபடியே ஒட்டியிருந்தது. எண்ணெய் விட்டு மரச்சுத்தியால் தட்டித் தட்டி இளக்கினோம். ரேடியேட்டர் தண்ணீர் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் வந்தது. பெட்ரோல் டேங்கில் இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். டேங்கைக் கழற்றி உள்ளே நட்டும் சங்கிலியும் போட்டு இரண்டு பேர் குலுக்கினோம். அரைப் படி துரு கொட்டியது. காற்று வடிகட்டிக்குள் குளவிக் கூடு. பெட்ரோல் பம்ப் அசையவில்லை. உள்ளே மின்சாரம் தொட்டு விடும் பாயிண்ட் ஒட்டியிருந்தது. ஸ்பானர் பிடியால் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினேன், டிக் டிக் என்று ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தம்பி கைதட்டினார். நானும்தான்.

பிளக் வயர்களை எலி தின்றிருந்தது. புது வயர் வாங்கி மாட்டும் வேலையைத் தம்பியிடம் விட்டேன். அவர் 1-2-3-4 என்று வரிசையாக மாட்டிவிட்டார். இந்த எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. கைப்பிடியைச் சுற்றியதும் கார்ப்புரேட்டர் வழியாக ஒரு வெடி. கோயில் குருக்கள் மணியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். தவறு என்னுடையது, நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஓடிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நல்ல மழை. புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே பேட்டரியில் சுற்றவிட்டு, டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டினோம். எண்ணெய் மேலே ஏறாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. முதலில் இரண்டு சிலிண்டர், பிறகு மூன்று, கொஞ்ச நேரம் கழித்து நாலும். நீலப் புகை கொட்டகையைத் தாண்டி லயத்து வீடுகள்வரை போனது. டெங்கிக்குப் புகையடிக்க வந்துவிட்டார்கள் என்று பெண்கள் ஜன்னலைச் சாத்தினார்களாம். கால் மணி நேரத்தில் புகை குறைந்தது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் பொட்டு வைத்தாற்போல் அடித்திருக்கும் தகரத் தட்டில் ஒன்று ஒழுகியது, மறுநாள் மாற்றினோம்.

அந்த நேரத்தில் அங்கிருந்தவர்கள் மூன்று பேர்: நான், தம்பி, பஜார் வொர்க்‌ஷாப்பின் சீனப் போர்மென் (மெக்கானிக்). போர்மென் நம் உறுப்பினர் இல்லை. அவருக்குச் சந்தா பாக்கியும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியை அளந்து வைத்ததற்குக் கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது, "காசு வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் 46 பேர். பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்களில் இந்த வருடச் சந்தா கட்டியவர்கள் 13. சந்தா மாதம் 2 வெள்ளி (ரிங்கிட்), ஒரு தே தாரிக் காசு. இரண்டு வருடமாகக் கட்டாத ஒருவர், "எஞ்சின் ஓடுது, பெயிண்ட் எப்ப அடிப்பீங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன, கையிருப்பு சென்ற வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கணக்காய்வாளர்கள் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். காருக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி ஆனது. சங்கப் பணத்திலிருந்து போனது அதில் பாதிக்கும் குறைவு. மீதி எங்கிருந்து வந்தது என்று என் வீட்டில் கேட்டால் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

தலைவர், துணைத்தலைவர், செயலவையினர், மகளிர் பிரிவு, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா, நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி. விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த வருடம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கார் ஓடுகிறது, ஆனால் நிற்காது. பிரேக் சிலிண்டர் எல்லாம் இறுகிக் கிடக்கின்றன. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது, கழற்றுவதே ஒரு நாள் வேலை. டயர் நாலிலும் ரப்பர் வெடிப்பு விட்டிருக்கிறது. அதற்கப்புறம்தான் பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி. இதெல்லாம் முடிந்தால் 2027 பொங்கலுக்குப் பழைய தோட்டத்துப் பாட்டிகளை ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றலாம். முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரையாவது ஓடவிட வேண்டும். அதுவும் இல்லையென்றால் கோழிக்குத் தகவல் சொல்லிவிடலாம்.

எனக்கு 68 வயது. செயலாளர் பதவிக்கு யார் முன்வந்தாலும் மினிட்ஸ் புத்தகம், முத்திரை, கொட்டகைச் சாவி மூன்றையும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். கைப்பிடி சுற்றுவதை மட்டும் நேரில் சொல்லித்தர வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும்.

ஞாயிறு தோறும் காலை 8 மணிக்குக் கொட்டகை திறந்திருக்கும். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்