குளிர்கால ஜெட் கிட்டும் பிடித்துப்போன பிஸ்டனும்: ஒரு புகார்க் கடிதம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என்னுடைய ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில், அதே எழுத்துப்பிழையோடு. இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

என்னுடைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் வெயில் காலத்தில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. குளிர் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஒரு கணம் திணறியது. விட்டால் உடனே ஐடிலுக்கு இறங்காமல் இரைந்துகொண்டே நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பாக இருக்க வேண்டிய முனை வெளுத்திருந்தது. வண்டி லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், ஓடுகிறது என்பது எனக்கே புரிந்தது. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். 30 டிகிரியில் இருந்த காற்று 5 டிகிரிக்குப் போனால் என்ஜினுக்குள் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் ஆக்சிஜன் போகும். கார்புரேட்டர் பாவம், அதற்கு இது தெரியாது, பழைய அளவு பெட்ரோலையே கொடுக்கும். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் உங்கள் குளிர்கால டியூனிங் கிட்டை வாங்கினேன்.

என் வண்டியில் இருந்த மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் துண்டு, 175. எண் குறைந்தால் துளையும் சிறிது. உங்கள் பெட்டிக்குள் இருந்தவை 172, 170. கூடவே ஒரு தாள். குளிர் கூடக் கூட எண் குறைந்த ஜெட்டைப் போடவும், நீடில் கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றவும், ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்பவும் என்று அச்சடித்திருந்தீர்கள். மூன்றுமே தலைகீழ்! சிறிய ஜெட்டும் கீழே இறங்கும் நீடிலும் பெட்ரோலைக் குறைக்கும், வெளியே திருப்பிய ஏர் ஸ்க்ரூ காற்றைக் கூட்டும். மூன்றுமே கலவையை இன்னும் லீனாக்கும். எனக்குச் சந்தேகம் வந்தது, வராமல் இல்லை. பொருத்துவதற்கு முன்பே உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். "ஷீட்டில் என்ன போட்டிருக்கோ அதுதான் சார் கரெக்ட்" என்றார்கள். சரி, தயாரித்தவர்களுக்குத் தெரியாததா என்று 172-ஐப் போட்டேன். என்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். நீண்ட நேரான பாதையில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. பிஸ்டன் சீஸ், அதாவது சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. நான் விழாமல் தப்பியது தெய்வச்செயல்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். கார்புரேட்டரை மட்டும் கழற்றிக் கொண்டு வாருங்கள் என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்பினீர்கள். கொண்டு வந்தேன். முழு வண்டியும் இல்லாமல் பார்க்க மாட்டோம் என்றார்கள். வேன் பிடித்து முழு வண்டியையும் ஏற்றி வந்தேன். அன்றைக்கு டெக்னீஷியன் விடுப்பு. முந்தின நாள்தான் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். கவுண்டரில் இருந்த அந்த நபர் சொன்னதை மறக்க முடியவில்லை. "பைக் ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது சார், படிக்கவும் தெரியணும்" என்றார், நாலு பேர் பார்க்க. ஐயா, படித்ததால்தானே இந்த நிலை! உங்கள் தாளை வரி பிசகாமல் படித்ததால்தானே! பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் கீறிக் கிடப்பதைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க, இன்னும் ஊத்தினா கலவை ரிச்சாயிடும்" என்றார், அதாவது பெட்ரோல் கூடிவிடுமாம். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 125 மில்லி, அதாவது 40-க்கு 1 என்ற கணக்கில் அளந்து ஊற்றுகிறவன் நான். இந்த வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது. ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், கலவை லீனாகத்தான் ஆகும். இதுகூடத் தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்களே.

நீங்கள் தந்திருக்க வேண்டியது 178, 180. கூட ஒரு அளவு பெரிய பைலட் ஜெட், அதாவது ஐடிலில் பெட்ரோல் கொடுக்கும் சின்ன ஜெட். ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் ஐடில் சரியாகிறது என்றால் பைலட்டை மாற்றுங்கள் என்று ஒரு வரி. இவ்வளவுதான். இந்தச் சின்னப் பித்தளைத் துண்டுகளால் எனக்கு இந்தக் குளிர்காலமே போய்விட்டது. ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. வண்டியின் ஆயுளில் பாதி போனதாகவே நான் கணக்கு வைக்கிறேன்.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பிஸ்டன், ரிங், சிலிண்டர் வேலைக்கான செலவு, இரண்டு முறை வந்துபோன செலவு, கிட்டின் விலை, இவற்றைத் தயவுசெய்து 15 நாட்களுக்குள் தந்துவிடுங்கள். இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். தாள், கிட் பெட்டி, பிளக், பிஸ்டன் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தத் தாளை இன்னும் எத்தனை பெட்டிகளில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களோ, முதலில் அதை நிறுத்துங்கள்.

இன்னொன்று. முதல் முறை வந்தபோது என்னுடைய பழைய 175 ஜெட்டை, பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை தரவில்லை. அதையாவது இந்த வாரமே தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு)