அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு: அந்தக் கடைசி நாலு பாட்டுக்காக

அன்புள்ள புரூஸ் அவர்களுக்கு,

1995இல் வந்த உங்கள் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பை நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன். மொத்தம் 18 பாட்டு, ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. கேட்டு முடித்த கையோடு எழுதுகிறேன்.

மனக்குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1973இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டுகூட இதில் இல்லை. 'ரோசலிட்டா'வை எப்படி விட்டீர்கள்? இன்றுவரை மனசு ஒப்பவில்லை.

ஆனால் 'ஹங்ரி ஹார்ட்' முடிந்து 'அட்லாண்டிக் சிட்டி' தொடங்குகிற இடம் இருக்கிறதே! அதுவரை பியானோ, ஆர்கன், கூடப் பாடும் குரல்கள் என்று கல்யாண வீடு மாதிரி களைகட்டியிருக்கும். சட்டென்று எல்லாம் அடங்கி ஒரு கிட்டார், மவுத் ஆர்கன், நீங்கள். நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில் நாலு டிராக் கேசட்டில் மாதிரிக்காகப் பாடி வைத்தது அது. பிறகு பேண்டோடு வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை என்று கேசட்டில் இருந்ததையே 1982இல் 'நெப்ராஸ்கா'வாக வெளியிட்டீர்கள். உங்கள் குரலுக்குத் துணையாக உங்கள் குரலே தூரத்தில் சேர்ந்து பாடும். ராத்திரியில் ஹெட்போனில் கேட்டால் யாரோ பக்கத்து அறையில் இருப்பது போலிருக்கிறது.

இந்தக் கடிதம், தொகுப்பில் புதிதாகச் சேர்த்த கடைசி நாலு பாட்டுக்காகத்தான். வருஷக்கணக்காக உங்களோடு வாசித்த ஈ ஸ்ட்ரீட் பேண்ட் தோழர்களிடம் 1989இல் போனில் பேசி, இனி அவரவர் வழி என்று சொல்லிவிட்டீர்கள். இந்தத் தொகுப்புக்குப் பழைய பாட்டுகளே தாராளமாகப் போதும். யாரையும் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1995 ஜனவரியில் அவர்களை நியூயார்க் ஸ்டுடியோவுக்கு வரவழைத்தீர்கள். வெட்டிவிட்ட நண்பர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 'பிளட் பிரதர்ஸ்' பாடினீர்கள். சின்ன வயதுச் சத்தியத்தை வாழ்க்கை எப்படித் தேய்த்துவிடுகிறது என்று அவர்கள் முன்னாலேயே பாடுவதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! அதில் சமாதானம் பேசுகிற தொனி இல்லை. போய்விட்ட வருஷங்களை ஒளிக்காமல் பாடுகிறீர்கள். அதனால்தான் நம்ப முடிகிறது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, தெரியும். எல்லோரும் சேர்ந்து ஊர் ஊராகப் போக 1999 ஆனது. பிறகு 2008இல் ஆர்கன் வாசித்த டேனி ஃபெடரிசி இறந்துபோனார், 2011இல் சாக்ஸபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ்.

'சீக்ரெட் கார்டன்' முடிவில் நீங்கள் பாடுவதை நிறுத்திவிட்டு கிளாரன்ஸின் சாக்ஸபோனுக்கு இடம் விடுகிறீர்கள். அவசரமே இல்லாமல் வாசிக்கிறார். அந்த ஜனவரியில் நீங்கள் அவரைக் கூப்பிட்டதற்கு நன்றி.

அன்புடன்,
உங்கள் ரசிகன்